பாரவண்டி ஒப்பந்தக்காரர் தம்பி நாயுடுவும் அவர்தம் குடும்பமும்: டிரான்ஸ்வால் சத்தியாக்கிரக வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

தென்னாப்பிரிக்க இந்தியர் போராட்ட வரலாற்றில் தம்பி நாயுடு (1875–1933) காந்தியின் உறுதுணையாளர் என்ற நிலையிலேயே பெரும்பாலும் இடம்பெறுகிறார். மொரீசியஸில் பிறந்து, இளம் வயதில் தென்னாப்பிரிக்காவிற்குப் புலம்பெயர்ந்து, ஜோகனஸ்பர்க் நகரில் பாரவண்டித் தொழில் நடத்திய குடும்பத் தலைவர் என்ற அவரது அடிப்படை அடையாளம் போதிய கவனம் பெறவில்லை. டிரான்ஸ்வால் அரசு இயற்றிய சட்டங்கள் குடியிருப்பு, தொழில், குடும்பம் ஆகிய மூன்றையும் ஒரே பதிவுச் சான்றோடு பிணைத்தன. அதனால் ஒரு தொழிலாளரின் எதிர்ப்பு அவர் தனி ஒருவரின் எதிர்ப்பாக நின்றுவிட இயலவில்லை. அது குடும்பம் முழுவதன் எதிர்ப்பாக மாறியது. தம்பி நாயுடு, அவர் மனைவி வீரம்மாள், மக்கள் ஆகியோரின் வாழ்வை முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை நிறுவுகிறது. 1914ஆம் ஆண்டு உடன்பாடு இக்குடும்பத்திற்கு எதனைத் தந்தது, எதனைத் தரவில்லை என்பதையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: தம்பி நாயுடு, வீரம்மாள், டிரான்ஸ்வால், புலம்பெயர் தமிழர், சத்தியாக்கிரகம், பதிவுச் சட்டம், தொழில் உரிமம்

முன்னுரை

புலம்பெயர் தமிழர் குறித்த ஆய்வுகள் தமிழில் இரு முனைகளை மையமிட்டே வளர்ந்துள்ளன. ஒரு முனையில் கரும்புத் தோட்டத்திற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் உள்ளனர். மறுமுனையில் பர்மா, மலாயா முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் உள்ளனர். இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட ஒரு பிரிவினரும் உண்டு. தம் செலவில் கடல்கடந்து சென்று வண்டியோட்டல், சலவை, காய்கறி விற்பனை, சமையல், தையல் போன்ற தொழில்களால் பிழைத்த சிறு தொழிலாளர் அவர்கள். பெருவணிகருக்கு இருந்த கணக்கேடுகளோ, ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி அரசு பேணிய கப்பல் பதிவேடுகளோ இவர்களுக்கு இல்லை. பெரும்பாலும் நீதிமன்ற வழக்குகளிலும் உரிம மறுப்புகளிலுமே இவர்களின் தடங்கள் கிடைக்கின்றன.

தம்பி நாயுடு இவ்விடைப்பட்ட பிரிவைச் சார்ந்தவர். அவரைப் பற்றிய செய்திகளுக்கு முதன்மை ஆதாரமாக விளங்குவது காந்தி குஜராத்தியில் எழுதிய தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாறு. 1923ஆம் ஆண்டு எரவாடா சிறையில் தொடங்கப்பெற்ற அந்நூல், வால்ஜி கோவிந்த்ஜி தேசாயின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1928இல் வெளிவந்தது. நாயுடுவின் துணிவை வெகுவாகப் பாராட்டும் அந்நூல், அவரது முன்கோபத்தையும் மறைக்காமல் பதிவு செய்கிறது. அக்குறை இல்லாதிருந்தால் காச்சலியா இல்லாத நிலையில் டிரான்ஸ்வால் இந்தியரின் தலைமையை அவரே ஏற்றிருக்கக்கூடும் என்பது காந்தியின் கணிப்பு. பிற்காலத்தில் ஈ. எஸ். ரெட்டி இக்குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்தளித்தார். மௌரீன் ஸ்வான் 1985இல் வெளியிட்ட நூல், போராட்டத்தில் பங்குகொண்டோரின் வர்க்க நிலையைக் கேள்விக்குள்ளாக்கியது. இவ்வாய்வுகளின் வெளிச்சத்தில், தலைவரின் துணைவர் என்ற சட்டகத்திலிருந்து நாயுடுவை விடுவித்து, தொழிலாளராகவும் குடும்பத்தினராகவும் அணுகுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மொரீசியஸிலிருந்து ஜோகனஸ்பர்க் வரை

மொரீசியஸ் தீவில் தமிழர் குடியேற்றம் ஒப்பந்தக் கூலி முறைக்கு முற்பட்டது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, பதினெட்டாம் நூற்றாண்டில், புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்கள் அங்குச் சென்றனர். 1834இல் ஒப்பந்தக் கூலிகளின் வருகை தொடங்கியபோது, போர்ட் லூயி நகரில் தொழிலும் வணிகமும் செய்த தமிழர் ஏற்கெனவே வேரூன்றியிருந்தனர். சென்னை மாகாணத்திலிருந்து மொரீசியஸிற்குச் சென்ற பெற்றோருக்கு 1875இல் அத்தீவில் பிறந்தவர் தம்பி நாயுடு.

ஏறத்தாழ 14 வயதில், 1889இல், அவர் தென்னாப்பிரிக்காவிற்கு வந்தார். முதலில் வைரச் சுரங்க நகரான கிம்பர்லியிலும் பின்னர் ஜோகனஸ்பர்க்கிலும் வாழ்ந்தார். 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் தங்கம் கண்டறியப்பட்டபின் எழுந்த நகரம் ஜோகனஸ்பர்க். கேப் பகுதியிலிருந்து இருப்புப்பாதை அந்நகரை எட்டியது 1892இல்தான். அதுவரை உணவுப் பண்டம் முதல் சுரங்கப் பொறி வரை அனைத்தும் வண்டியிலேயே வந்து சேர்ந்தன. இருப்புப்பாதை வந்தபின்னும் வண்டித் தொழில் நசிக்கவில்லை. நிலையத்திலிருந்து சந்தைக்கும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் சரக்கைக் கொண்டு சேர்க்கும் பணி பெருகியது. பெருமுதல் இன்றி, கால்நடையும் வண்டியும் உடலுழைப்பும் கொண்டு ஒருவர் இத்தொழிலில் இறங்க முடிந்தது. இத்தொழிலே தம்பி நாயுடுவின் வாழ்வாதாரமாயிற்று. நீதிமன்றத்தில் அவர் பாரவண்டி ஒப்பந்தக்காரராகவே அறியப்பட்டார்.

அவர் பள்ளிக் கல்வி பெற்றவர் அல்லர். ஆங்கிலத்தைப் பேசவும் எழுதவும் பட்டறிவாலேயே கற்றார். தமிழையும் அவ்வாறே தாமாகப் பயின்றார். இந்துஸ்தானியும் ஓரளவு தெலுங்கும் எழுத்தறியாமல் பேச்சுவழியே அவருக்குத் தெரிந்திருந்தன. பிறந்த தீவின் கிரியோல் மொழியிலும் அவருக்குத் தேர்ச்சி உண்டு. காந்தி தரும் இம்மொழிப் பட்டியல், ஒரு தொழிலாளர் கடந்துவந்த துறைமுகங்களையும் சந்தைகளையும் உடன் உழைத்தவர்களையும் குறிப்பால் உணர்த்துகிறது. இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. மொரீசியஸில் பிறந்து, ஆப்பிரிக்காவில் தமிழைப் பயின்ற ஒருவர் ஜோகனஸ்பர்க் தமிழ் நலச் சங்கத்தின் தலைவராக விளங்கினார். பிறந்த மண்ணும் பள்ளிப் படிப்பும் தாராத தமிழ் அடையாளத்தைக் கூடி வாழ்ந்த சமூகம் அவருக்குத் தந்தது எனலாம்.

தொழிலையும் குடும்பத்தையும் பிணைத்த சட்டங்கள்

நாயுடு குடியேறிய டிரான்ஸ்வாலில் ஆசியருக்கு எதிரான சட்டம் அவர் வருகைக்கு முன்னரே நடைமுறையில் இருந்தது. 1885ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம், ஆசியருக்குக் குடியுரிமை இல்லை என்றது. தொழிலுக்காகக் குடியேறுவோர் கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும் என்றது. தொடக்கத்தில் 25 பவுனாக இருந்த இக்கட்டணம் 1886இல் 3 பவுனாகக் குறைக்கப்பட்டது. ஒதுக்கப்பட்ட பகுதிகளைத் தவிரப் பிற இடங்களில் அவர்கள் அசையாச் சொத்து வைத்திருக்கவும் இயலவில்லை. ஜோகனஸ்பர்க்கில் இந்தியர் வாழ்ந்த ஒதுக்குப்புறக் குடியிருப்பு 1904ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது முற்றிலும் எரிக்கப்பட்டது. நிலம் உரிமையாகாத, வீடு நிலையாகாத அச்சூழலில், இந்தியர் ஒருவர் தமதென்று கொள்ளத்தக்கவை தொழிலும் குடும்பமும் மட்டுமே.

1907ஆம் ஆண்டின் 2ஆம் எண் சட்டம் அவ்விரண்டையும் தொட்டது. 1906 ஆகஸ்டில் வரைவு வெளியானதும் செப்டம்பர் 11 அன்று ஜோகனஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடிய இந்தியர் அதற்குப் பணிவதில்லை என உறுதிபூண்டனர். இங்கிலாந்து அரசு முதலில் ஒப்புதல் மறுத்தது. எனினும் 1907இல் தன்னாட்சி பெற்ற டிரான்ஸ்வால் அதே சட்டத்தை மீண்டும் இயற்றி, ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

இச்சட்டத்தைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பத்து விரல் ரேகை என்ற அவமதிப்பையே மையப்படுத்துகின்றன. அதனினும் ஆழமான இரு கூறுகள் அதில் உள்ளன. பதிவுச் சான்றைக் காட்டாத ஆசியருக்குத் தொழில் உரிமம் வழங்கலாகாது என்பது ஒன்று. எட்டு வயதைக் கடந்த பிள்ளைகளின் விவரங்களையும் தந்தை அல்லது காப்பாளர் பதிவு அலுவலரிடம் அளிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதற்கூறு பதிவை மறுப்பவரின் பிழைப்பைப் பறித்தது. இரண்டாம் கூறு, தன் பிள்ளைகளை அரசின் கண்காணிப்பிற்கு உட்படுத்தும் கருவியாகத் தந்தையை மாற்றியது. பதிவை மறுப்பது என்றால் உரிமத்தை இழப்பது. பதிவை ஏற்பது என்றால் பிள்ளைகளையும் சேர்த்து ஒப்படைப்பது. இவ்விரண்டிற்கும் இடையே நடுவழி எதனையும் சட்டம் விட்டுவைக்கவில்லை.

இப்பின்னணியில் நோக்கும்போது, தம்பி நாயுடு ஜோகனஸ்பர்க் மறியல் தொண்டர்களின் தலைவராகப் பொறுப்பேற்றது வெறும் தலைவர் வழிபாட்டின் விளைவன்று என்பது புலனாகும். பதிவு அலுவலகத்தின் முன் நின்று, உள்ளே செல்வோரிடம் பேசித் தடுப்பது மறியலாளர் பணி. 1907ஆம் ஆண்டு இறுதி வரை ஏறத்தாழ 500 பேரே பதிவு செய்தனர் என்பது காந்தி தரும் கணக்கு. டிரான்ஸ்வாலில் அப்போது வாழ்ந்த இந்தியர் ஏறத்தாழ 13,000 பேர் என்பதை நினைவிற்கொண்டால் மறியலின் வீச்சு தெரியவரும்.

சிறையும் சுமையும்

1907 டிசம்பர் இறுதியில் காந்தியோடு நாயுடுவும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். நாட்டைவிட்டு வெளியேற இடப்பட்ட ஆணைக்குப் பணியாததால் 1908 ஜனவரியில் சிறைப்பட்டார். அம்மாதம் 28ஆம் நாள் ஜெனரல் ஸ்மட்ஸின் துறைக்கு அனுப்பப்பட்ட உடன்பாட்டு மடலில் மூவர் கையொப்பமிட்டனர்: காந்தி, சீனச் சமூகத்தின் தலைவர் லியுங் குவின், தம்பி நாயுடு. இலண்டனில் சட்டம் பயின்ற ஒரு வழக்கறிஞரின் பெயருக்கருகே, பள்ளி சென்றறியாத ஒரு வண்டித் தொழிலாளரின் பெயர் இடம்பெற்றுள்ளது. தமிழ்ச் சிறுதொழிலாளரின் ஒப்புதலின்றி அவ்வுடன்பாடு நிலைக்காது என்பதை இரு தரப்பினரும் உணர்ந்திருந்தமைக்கு இது சான்றாகும்.

உடன்பாட்டின்படி விருப்பப் பதிவு செய்வதற்காக 1908 பிப்ரவரி 10 அன்று காந்தி சென்றபோது மீர் ஆலம் என்ற பட்டாணியரும் அவர் துணைவர்களும் தாக்கினர். உடன் சென்ற தம்பி நாயுடு அடிகளைத் தடுக்க முயன்று தாமும் காயமுற்றார். இந்நிகழ்ச்சியே அவர் பெயரைப் பரவலாக அறியச் செய்தது. அவரைக் காந்தியின் காவலராகச் சித்திரிக்கும் மரபும் இங்கிருந்தே வலுப்பெற்றது.

ஆயின் 1908ஆம் ஆண்டின் பிற்பகுதி இக்கட்டுரையின் நோக்கில் அதனினும் முதன்மையானது. கட்டாயப் பதிவுச் சட்டம் திரும்பப் பெறப்படவில்லை என்பது தெளிவானதும், ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி வளாகத்தில் பதிவுச் சான்றுகள் எரிக்கப்பட்டன. அதையொட்டி உரிமமின்றித் தெருவில் பண்டம் விற்றுக் கைதாவது போராட்ட முறையாயிற்று. அரசு எந்தத் தொழில் உரிமத்தைப் பிடியாக வைத்திருந்ததோ, அந்த உரிமமே எதிர்ப்பின் களமாக மாற்றப்பட்டது. கூடையைத் தூக்கித் தெருவில் நடந்தால் அது பிழைப்பு. உரிமமின்றி நடந்தால் அது குற்றம். குற்றமென்று அறிந்தே நடந்தால் அது சத்தியாக்கிரகம். மூன்றும் புறத்தே ஒரே செயல்தான். சிறுதொழிலாளர் தம் அன்றாட உழைப்பையே எதிர்ப்பாக மாற்றிக்கொண்ட இம்முறை, மனுவும் தூதுக்குழுவுமாக இயங்கிய பெருவணிகரின் அரசியலிலிருந்து முற்றிலும் வேறுபட்டது.

1909ஆம் ஆண்டளவில் பெருவணிகர் பலர் ஒதுங்கினர். கையிருப்புச் சரக்கையும் கடன் நம்பகத்தையும் இழக்க அவர்கள் அஞ்சினர். எஞ்சி நின்றோரில் தமிழரே மிகுதி. இழப்பதற்கு ஒன்றுமில்லாதோர் போராடுவது எளிது என்று இதனை விளக்கிவிடலாகாது. பெருவணிகர் ஒருவர் மூன்று மாதம் சிறைப்பட்டால் அவர் கடையைப் பங்காளியோ கணக்கரோ நடத்துவர். வண்டித் தொழிலாளர் ஒருவர் சிறைப்பட்டால் அன்றே வண்டி நின்றுவிடும். நிற்கும் நாளிலும் கால்நடைக்குத் தீனி வேண்டும், குடும்பத்திற்கும் உணவு வேண்டும். சொத்தின் அளவைக் கொண்டு மட்டும் இழப்பை அளப்பது, உழைப்பையே சொத்தாகக் கொண்டவரின் இழப்பைக் கணக்கில் கொள்ளாது விடுவதாகும். தம்பி நாயுடு மீண்டும் மீண்டும் சிறை சென்றார் என்ற செய்தியை அவரது மன உறுதிக்குச் சான்றாகக் கொள்வதோடு, அத்தனை முறை ஒரு தொழில் நின்றுபோனது என்பதற்கும் சான்றாகக் கொள்ள வேண்டும்.

உயிரிழப்பும் நேர்ந்தது. 1909 ஜூலையில் சிறையிலிருந்து விடுதலையான சில நாள்களில் நாகப்பன் என்ற இளைஞர் உயிர்நீத்தார். 1910இல் பலர் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்குச் சென்னையில் ஜி. ஏ. நடேசன் உதவினார். அவர்களில் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்டறியாதோரும் இருந்தனர். திரும்பி வந்து கரையிறங்க இயலாமல் அலைக்கழிந்த நாராயணசாமி அவ்வாண்டு அக்டோபரில் டெலகோவா வளைகுடாவில் இறந்தார். மொரீசியஸில் பிறந்து ஆப்பிரிக்காவில் குடும்பம் அமைத்த நாயுடு போன்றோருக்கு, சொந்த நாட்டிற்கு அனுப்புகிறோம் என்ற அரசின் வாதம் பொருளற்றதாகவே தோன்றியிருக்கும்.

குடும்பத்தைக் காத்தல் என்ற சிக்கல்

சிறை சென்றோரின் குடும்பங்களை யார் காப்பது என்ற கேள்வி போராட்டத்தின் நடுவே எழுந்தது. தொடக்கத்தில் தேவைக்கேற்ப மாதந்தோறும் பணம் வழங்கப்பட்டது. ஐவர் கொண்ட குடும்பத்திற்கும் தனியாளுக்கும் ஒரே அளவு வழங்க இயலாது, ஒவ்வொருவர் தேவையையும் சரிபார்ப்பதும் அரிது, நிதியோ குறைவு. 1910 மே இறுதியில் ஹெர்மன் காலன்பாக் ஜோகனஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ 21 மைல் தொலைவில் 1,100 ஏக்கர் நிலத்தை ஒப்படைத்ததும், அக்குடும்பங்கள் ஒன்றாக வாழும் இடமாக டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. இப்பண்ணை பொதுவாகக் காந்தியின் ஆன்மிக, கல்விச் சோதனைகளின் களமாகவே நினைக்கப்படுகிறது. அதன் தோற்றத்திற்கு உடனடிக் காரணம், உழைப்பவர் சிறைப்பட்டால் அடுப்பெரியாத வீடுகள் என்னும் பொருளியல் சிக்கலே.

பண்ணையில் இருந்த 20 முதல் 30 வரையிலான குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பொறுப்பைக் காந்தியே ஏற்றார். அவரது தமிழறிவு, கப்பல் பயணத்திலும் சிறையிலும் போப்பின் கையேட்டைக் கொண்டு பயின்ற அளவே. அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். அவர்கள் அறிந்த தமிழும் சிறிதே. குஜராத்தியர் ஒருவரிடம் தமிழ் நெடுங்கணக்கைக் கற்ற அத்தலைமுறையின் நிலை, சிறுதொழிலாளர் குடும்பங்களில் மொழி கைம்மாறிய விதத்தைக் காட்டும் அரிய சான்று. தந்தையர் பட்டறிவால் பெற்ற தமிழ், மக்களுக்குத் தானாகச் சென்று சேரவில்லை. இந்தியன் ஒப்பீனியன் இதழ் 1903இல் தமிழ்ப் பகுதியோடு தொடங்கியும் 1906இல் அப்பகுதி நின்றுபோனதை இதனோடு இணைத்து எண்ணலாம்.

வீரம்மாள்: வரலாற்றில் கணவர் பெயரால் அறியப்பட்டவர்

1913 மார்ச்சு 14 அன்று கேப் உச்சநீதிமன்ற நீதிபதி சேர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடைபெற்று முறையாகப் பதிவு செய்யப்படாத திருமணங்கள் செல்லாதவை என்ற நிலையை உருவாக்கியது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தந்தை மகன் உறவில் தலையிட்டது. இத்தீர்ப்பு கணவன் மனைவி உறவையே இல்லை என்றது. தாலி கட்டி வாழ்ந்த பெண்கள் சட்டத்தின் முன் மனைவியர் அல்லர் என்றாயினர். பெண்கள் போராட்டத்தில் இறங்கியமைக்கு இத்தீர்ப்பு நேரடிக் காரணமாயிற்று.

டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட முதல் மகளிர் குழுவில் பதினொருவர் இருந்தனர். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழர். பலர் கைக்குழந்தைகளோடு சென்றனர். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அவர்களுள் ஒருவர். காந்தி தரும் பட்டியலில் அவர் பெயர் திருமதி தம்பி நாயுடு என்றே உள்ளது. அக்குழுவின் மணமான பெண்கள் அனைவரும் அவ்வாறே கணவர் பெயராலேயே குறிக்கப்பெறுகின்றனர். மனைவி என்ற தகுதி மறுக்கப்பட்டதால் போராடியவர்கள் மனைவி என்ற பெயராலேயே வரலாற்றில் எஞ்சியுள்ளனர். இம்முரணைத் தமிழ் ஆய்வுலகம் கருத்தில் கொள்ள வேண்டும்.

கைதாவதற்காக இப்பெண்கள் மேற்கொண்ட வழிகளில் ஒன்று, உரிமமின்றிக் கூடையில் பண்டம் சுமந்து விற்றது. 1908இல் ஆடவர் கையாண்ட அதே முறையை ஐந்தாண்டுகளுக்குப் பின் பெண்கள் கையாண்டனர். காவல்துறை அவர்களைக் கைது செய்யத் தயங்கியது. பின்னர் அவர்கள் எல்லை கடந்து நேட்டாலின் நிலக்கரி நகரான நியூகாசிலுக்குச் சென்றனர். அவர்களுக்குத் துணையாகச் சென்றவர் தம்பி நாயுடு. 1895ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த 3 பவுன் தலைவரியால் நலிந்திருந்த சுரங்கத் தொழிலாளரிடம் அப்பெண்கள் பேசினர். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அக்டோபர் 21 அன்று பெண்கள் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றுப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டனர். நவம்பர் 6 அன்று 2,037 ஆடவரும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வாலை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டனர்.

இந்நிகழ்வுகளில் சிறுதொழிலாளர் குடும்பங்களின் பங்கு தனித்துக் கருதத்தக்கது. டிரான்ஸ்வாலின் சுயேச்சைத் தமிழருக்கும் நேட்டாலின் ஒப்பந்தத் தமிழருக்கும் இடையே சட்டநிலையிலும் வாழ்நிலையிலும் பெரும் இடைவெளி இருந்தது. 3 பவுன் வரி வீரம்மாளின் குடும்பத்தைத் தாக்கிய வரியன்று. அவ்விடைவெளியைக் கடக்கத் தாய்மொழி உதவியது. கைக்குழந்தையுடன் சிறைக்கு அஞ்சாமல் வந்து நின்ற பெண்களின் தோற்றம் அதற்கு வலுவூட்டியது. தம் குடும்பத்தின் மானத்திற்காகப் புறப்பட்டவர்கள் பிறர் குடும்பத்தின் வரிச்சுமையையும் தம்முடையதாக ஏற்றுக்கொண்டனர் என்று இதனை மதிப்பிடலாம்.

1914 உடன்பாடும் நான்கு புதல்வரும்

1914ஆம் ஆண்டு இந்தியர் துயர்தணிப்புச் சட்டம் 3 பவுன் வரியை நீக்கியது. இந்தியச் சமய முறைப்படி நடைபெறும் ஒருதார மணங்களை ஏற்றது. வீரம்மாள் சட்டப்படி மீண்டும் மனைவியானார். தொழில் உரிமம், நில உரிமை, மாகாணங்களிடையே சென்றுவரும் உரிமை ஆகியவற்றில் அச்சட்டம் மாற்றம் எதுவும் செய்யவில்லை. 1907இல் தம்பி நாயுடு மறியலில் இறங்கிய காலத்தில் கண்முன் நின்ற பிழைப்புச் சிக்கல், ஏழாண்டுப் போராட்டத்திற்குப் பின்னும் அவ்வாறே நின்றது. உடன்பாடு அவர் குடும்பத்தை மீட்டது; அவர் தொழிலுக்குப் பாதுகாப்புத் தரவில்லை. வெற்றி என்று பொதுவாகக் கொண்டாடப்படும் அந்நிகழ்வைச் சிறுதொழிலாளர் நிலையிலிருந்து மதிப்பிடும்போது இவ்வேறுபாடு தவறாமல் சுட்டப்பட வேண்டும்.

அவ்வாண்டு ஜூலையில் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்படும் வேளையில், ஜோகனஸ்பர்க் வழியனுப்பு நிகழ்ச்சியில் தம்பி நாயுடு தம் புதல்வர் நால்வரை நாட்டுத் தொண்டிற்கென அவரிடம் ஒப்படைத்தார். ஃபீனிக்ஸ் மாணவர் குழுவோடு அவர்கள் இந்தியா சென்றனர். அக்குழு குருகுல் காங்கிரியிலும் சாந்திநிகேதனிலும் தங்கியது. 1915 மே மாதம் அகமதாபாத் அருகே கோச்ரப் ஆசிரமம் தொடங்கப்பெற்றபோது அங்கிருந்த 25 பேரில் 13 பேர் தமிழர் என்பது காந்தியின் தன்வரலாற்றுச் செய்தி.

புதல்வரை ஒப்படைத்த இச்செயல் ஈகத்தின் உச்சமாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனை மறுக்க வேண்டியதில்லை; எனினும் அச்செயலுக்கு வேறொரு பரிமாணமும் உண்டு. சிறுதொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்த மகன் என்பவன் வண்டியின் அடுத்த ஓட்டுநர். முதுமையில் பெற்றோரின் காப்பு. நால்வரையும் அனுப்பியது, தொழிலின் தொடர்ச்சியையே கைவிட்டதற்கு ஒப்பாகும். எட்டு வயது மகனை அரசின் பதிவேட்டில் ஒப்படைக்க மறுத்தவர், தம் விருப்பத்தால் புதல்வரைப் பொதுவாழ்விற்கு ஒப்படைத்தார். முதலாவது கட்டாயம், இரண்டாவது தெரிவு. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டிற்காகவே அவர் ஏழாண்டுகள் போராடினார் எனலாம். ஆயினும் அத்தெரிவு தந்தையின் தெரிவாகவே பதிவாகியுள்ளது. மூன்று மாதக் கடுங்காவல் முடித்து வந்த அதே ஆண்டில் நான்கு பிள்ளைகளைப் பிரிந்த தாயின் குரலுக்கு அப்பதிவில் இடமில்லை. குடும்பம் முழுவதும் பங்கேற்ற போராட்டத்திலும் குடும்பத்தின் சார்பில் பேசும் உரிமை ஒருவரிடமே இருந்தது என்பதை இது உணர்த்துகிறது.

அடுத்தடுத்த தலைமுறைகள்

தம்பி நாயுடு ஜோகனஸ்பர்க்கிலேயே தங்கித் தமிழ்ச் சமூகப் பணியைத் தொடர்ந்து, 1933இல் மறைந்தார். இந்தியா சென்ற புதல்வருள் நாராயணசாமி என்னும் ராய் நாயுடு தென்னாப்பிரிக்கா திரும்பித் தொழிற்சங்க இயக்கத்தில் ஈடுபட்டார். நில உரிமைக் கட்டுப்பாடுகளை எதிர்த்து 1946இல் நடைபெற்ற அறப்போரில் சிறை சென்றார். அவர் மனைவி மனோன்மணியும் விடுதலை இயக்கத்தில் பங்குகொண்டார். அவர்கள் மகன் இந்திரேஸ் 1963இல் கைதாகிப் பத்தாண்டுகள் சிறைவாழ்வு கண்டார். ராபன் தீவுச் சிறையனுபவத்தை நூலாகவும் வெளியிட்டார். மகள் சாந்தி 1969இல் காவலில் வைக்கப்பட்டபோது, வின்னி மண்டேலாவிற்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்தார்.

தாத்தா பதிவு அலுவலகத்தின் முன் நின்ற காலத்தில் போராட்டம் இந்தியரின் உரிமை என்ற எல்லைக்குள் அடங்கியிருந்தது. ஆப்பிரிக்க மக்களின் விடுதலை அதன் நோக்கில் இடம்பெறவில்லை. பேரப்பிள்ளைகள் அம்மக்களோடு ஒரே சிறையைப் பகிர்ந்தனர். இம்மாற்றத்திற்கு ராய் நாயுடுவின் தொழிற்சங்க அனுபவம் இணைப்புப் பாலமாக அமைந்தது எனக் கருதலாம். பரம்பரைக் குணம் என்று இத்தொடர்ச்சியை விளக்குவது போதாது. சிறை செல்வோரின் வீட்டைக் காப்பது எவ்வாறு, கணவர் இல்லாத வீட்டை மனைவி நடத்துவது எவ்வாறு, பிள்ளைகளை அச்சமின்றி வளர்ப்பது எவ்வாறு என்ற நடைமுறை அறிவை அக்குடும்பம் 1908 முதலே திரட்டியிருந்தது. பின்வந்தோருக்குக் கிடைத்த சொத்து அதுவே.

முடிவுரை

தம்பி நாயுடுவின் வாழ்வைத் தொழிலாளர், குடும்பத்தினர் என்ற நிலையிலிருந்து நோக்கியதன்வழி மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவதாக, டிரான்ஸ்வால் சட்டங்கள் உரிமம், பதிவு, குடும்பம் ஆகியவற்றை ஒன்றாகப் பிணைத்தமையால், சிறுதொழிலாளரின் எதிர்ப்பு இயல்பாகவே குடும்பத்தின் எதிர்ப்பாக அமைந்தது. இரண்டாவதாக, உழைப்பையே மூலதனமாகக் கொண்டோரின் இழப்பு பெருவணிகரின் இழப்பினும் உடனடியானது; அவர்களின் உறுதியை இழக்க ஏதுமில்லாதோரின் துணிவாகக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. மூன்றாவதாக, 1914ஆம் ஆண்டு உடன்பாடு குடும்ப உறவுகளுக்குச் சட்டத் தகுதியை மீட்டளித்தது. தொழிலுரிமையைத் தீர்க்காமல் விட்டது. இக்குடும்பத்தின் அடுத்த தலைமுறைகளும் சிறை செல்ல நேர்ந்தமைக்கு அவ்வாறு தீராது நின்ற உரிமைச் சிக்கல்களே தொடக்கம்.

புலம்பெயர் தமிழர் வரலாற்றைக் கூலி, வணிகர் என்ற இரு பகுப்புகளுக்குள் அடக்குவது தம்பி நாயுடு போன்றோருக்கு இடமளிப்பதில்லை. காந்தியின் பதிவுகளின்படி, கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவரும் அக்கூட்டத்திற்கு வந்தோருக்குச் சமைத்தவரும் பொதுவீதியில் சுமை தூக்கியவரும் இவர் ஒருவரே. தலைமையையும் சுமையையும் வேறுபடுத்தாத இவ்வியல்பு அவரது தொழில்வாழ்வு தந்தது. அவரையொத்த வண்டித் தொழிலாளர், கூடைவணிகர், சலவைத் தொழிலாளர் ஆகியோரின் பெயர்களும் அவர்தம் மனைவியரின் சொந்தப் பெயர்களும் நீதிமன்ற, சிறைப் பதிவுகளிலிருந்து திரட்டப்பெறும்போது தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு முழுமையை நோக்கி நகரும்.